நீர் எடுத்தாயிற்று, நோய் என்ன?



"மாமாவுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கினு இருக்காம்" என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எடுத்துட்டாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். எவ்வளவு எடுத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று அளவு சொல்லப்படும். கேட்டவர் "அடேயப்பா" என்பார். பேச்சு முகூர்த்தச் சேலைக்கும் ஜரிகை விலைக்கும் போய்விடும். "எதனால கோத்துக்கிச்சாம்?" என்ற கேள்வி எழுவது அரிது. இந்தச் சொற்பொழிவு அந்த எழாத கேள்வியைப் பற்றியது.

ஏனென்றால் நெஞ்சில் நீர் சேர்வதற்கு மருத்துவ நூல்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட காரணங்களைச் சொல்கின்றன. இதயம் தளர்ந்தாலும் சேரும், கல்லீரல் சுருங்கினாலும் சேரும். காசநோய், நிமோனியா, புற்றுநோய், டெங்கு, கணைய அழற்சி, முடக்குவாதம், நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பது என்று பட்டியல் நீள்கிறது. ஒன்றுக்கு ஆறு மாத மாத்திரை. இன்னொன்றுக்கு உப்பைக் குறைத்து நீர் மாத்திரை. வேறொன்றுக்கு அன்றைக்கே குழாய் போட்டாக வேண்டும். காரணம் தெரியாமல் நீரை மட்டும் எடுத்தால் மூச்சுத் திணறல் சில நாள் தணியும். அவ்வளவுதான்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நுரையீரலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் ஆவதுண்டு. இதயம் திடீரெனத் தளரும்போது காற்றறைகளுக்குள் நீர் நிறைந்து, இருமலில் நுரையாக வரும். அது வேறு அவசரம். இங்கே பேசப்படுவது நுரையீரலுக்கு வெளியே, அதற்கும் விலாக்கூட்டுக்கும் நடுவில் சேரும் நீர். நுரையீரலின் மேல் மெல்லிய உறை ஒன்று உண்டு. மார்புச் சுவரின் உட்புறத்திலும் ஓர் உறை உண்டு. இரண்டுக்கும் இடையிலான இடுக்கை ப்ளூரா இடைவெளி என்பார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அங்கே இருப்பது ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிலிட்டர், நான்கு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். மூச்சு இழுக்கும்போது இரண்டு உறைகளும் உராயாமல் வழுக்கிச் செல்ல அது போதும்.

அந்தச் சிறிதளவு நீரும் தேங்கி நிற்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளில் சுமார் 15 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. அதே அளவு நிணநீர்க் குழாய்கள் வழியாக வெளியேறுகிறது. தேவை வந்தால் அந்தக் குழாய்களால் இருபது மடங்கு வரை கூடுதலாக உறிஞ்ச முடியும். அதையும் மீறி லிட்டர் கணக்கில் சேர்கிறதென்றால் வழக்கமாகச் சுரப்பும் கூடியிருக்கும், வடிகாலும் கெட்டிருக்கும். ஏரிகளுக்குப் பேர்போன இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். ஏரி தளும்பினால் வரத்து கூடிவிட்டதா, மதகு அடைத்துக்கொண்டதா, கரை கசிகிறதா என்று பார்ப்பார்களே தவிர, தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

நெஞ்சில் நீர் இருப்பதைக் கண்டுபிடிக்க மருத்துவர்களுக்கு முதலில் கிடைத்த கருவி விரல். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் விடுதி நடத்திவந்த ஒருவரின் மகன் லியோபோல்ட் ஆவன்ப்ருக்கர். ஒயின் பீப்பாயைத் தட்டிப் பார்த்து எதுவரை நிரம்பியிருக்கிறது என்று சொல்வதைச் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் ஏழு ஆண்டுகள் நோயாளிகளின் மார்பைத் தட்டிப் பார்த்தார். இறந்தவர்களின் உடலுக்குள் நீரைச் செலுத்தியும் தட்டிப் பார்த்தார். 1761இல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதை யாரும் சட்டை செய்யவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கொர்விசார் 1808இல் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே ஆவன்ப்ருக்கர் காலமானார். இசையிலும் நாட்டமுள்ள மனிதர். சாலியேரி இசையமைத்த ஓர் இசை நாடகத்துக்கு உரை எழுதியவர். நல்ல காது இருந்திருக்கிறது. லயத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் ஊரில், தட்டுகிற ஓசையில் பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லி நம்பவைக்க வேண்டியதில்லை.

காற்று நிறைந்த நுரையீரலின் மேல் தட்டினால் ஓசை எழும்பும். நீரின் மேல் தட்டினால் ஓசை செத்துவிடும். பாரிஸில் 1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய லென்னெக் இன்னொன்றையும் கவனித்தார். நீரின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே கருவியை வைத்து நோயாளியைப் பேசச் சொன்னால், குரல் ஆடு கத்துவதுபோல் நடுங்கிக் கேட்கிறது. 1819இல் வந்த தம் நூலில் இதை எழுதினார். அவரையே 1826இல் காசநோய் கொண்டுபோயிற்று.

இன்று விரலுக்கும் காதுக்கும் துணையாக எக்ஸ்ரே இருக்கிறது. ஆனால் நின்றபடி நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் நீர் கண்ணில் படவேண்டுமானால் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் 50 மில்லிலிட்டரே போதும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைவிடக் குறைவான அளவையும் காட்டிவிடும். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளை எல்லாம் நீரும் அல்ல. சளி கட்டிய நுரையீரலும் வெள்ளைதான், சுருங்கிய நுரையீரலும் வெள்ளைதான், பழைய நோயால் தடித்துப்போன உறையும் வெள்ளைதான். ஊசி போடும் முன் ஒரு ஸ்கேன் பார்ப்பதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, தெளிவாக இருக்கிறதா, வலைப்பின்னலாகத் தடுப்புகள் விழுந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் அது சொல்கிறது. ஊசி நுரையீரலைக் குத்திவிடும் ஆபத்தையும் வெகுவாகக் குறைக்கிறது.

ஊசிக்கு முன்னால் இன்னொரு சோதனை இருக்கிறது. செலவில்லாதது என்பதாலோ என்னவோ, அதற்கு மதிப்பும் இல்லை. உட்காரவைத்துக் கதை கேட்பதைத்தான் சொல்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் 24 வயது இளைஞர். மூன்று வாரமாக மாலையில் காய்ச்சல், பசியில்லை, சட்டை தொளதொளக்கிறது. முதலில் மூச்சை இழுத்தால் வலப்பக்கம் சுருக்கென்று பிடித்தது. பிறகு அந்த வலி தானாகவே குறைந்துவிட்டது. குணமாகிறது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். உண்மையில் நடந்தது வேறு. அழற்சியடைந்த இரண்டு உறைகளும் உராயும்போது வலித்தது. நடுவில் நீர் புகுந்து இரண்டையும் பிரித்ததும் வலி போயிற்று, மூச்சு வாங்கத் தொடங்கிற்று. இந்த வயதில், இந்தக் கதையோடு, ஒரு பக்கம் மட்டும் நீர் என்றால் தமிழ்நாட்டில் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது டி.பி.

அதே தெருவில் 70 வயதுப் பெரியவர். இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். இரண்டு பக்கமும் நீர், வலப்பக்கம் சற்றுக் கூடுதல், காய்ச்சல் இல்லை. இதயம் தளர்ந்ததன் கதை இது. இவருக்குப் பெரும்பாலும் ஊசியே தேவையில்லை. நீர் மாத்திரை கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்தால் வற்றத் தொடங்கும். வற்றவில்லை என்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தால், அல்லது காய்ச்சலோ நெஞ்சுவலியோ இருந்தால், அப்போது ஊசி.

சில வருடங்களுக்கு முன் மார்பகத்தில் கட்டி எடுத்த ஐம்பது வயது அம்மையாருக்கு, காய்ச்சலே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க நீர் நிறைந்தால் எண்ணம் வேறு திசையில் போகும். பழைய அறுவைச் சிகிச்சையைப் பற்றி அவரே வாய் திறந்து சொல்லாமல் போவது நம் ஊர்களில் சாதாரணம். "அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்று நினைத்திருப்பார். கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை. மறைக்காமல் இருப்பது நம் கடமை.

இனி ஊசி. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் நுரையீரலே போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நோயாளியை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசைமேல் சாயச் சொல்லி, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தப்படுகிறது. எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், கீழே இருக்கும் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் ஊசி நுழையும். சோதனைக்கு 50, 60 மில்லிலிட்டர் போதும். திணறலைத் தணிக்க அதிகம் எடுப்பதானாலும் ஒரே நேரத்தில் ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறும் ஆபத்து இருக்கிறது. "முழுக்க எடுக்காம விட்டுட்டாங்க" என்று குறைபட்டுக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊசிக்குழலில் ஏறும்போதே நிறம் பேசத் தொடங்கும். வைக்கோல் நிறம் எதற்கும் பொது. சீழாக வந்தால் அன்றைக்கே குழாய் போட வேண்டும். அதில் துர்நாற்றம் இருந்தால் பிராணவாயு இல்லாமல் வாழும் கிருமிகள் என்று ஊகிக்கலாம். பால்போல் வெளுத்திருந்தால் நிணநீர்ப் பெருங்குழாய் எங்கோ கிழிந்திருக்கலாம். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது உறுதிப்படும். ரத்தச் சிவப்பு என்றால் புற்றுநோய், அடிபட்ட காயம், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். டி.பி.யிலும் சில சமயம் சிவப்பு வருவதுண்டு.

நிறத்தைத் தாண்டி எண்களுக்கு வந்தால் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரிச்சர்ட் லைட் என்ற இளம் மருத்துவரும் அவரது கூட்டாளிகளும் 1972இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 150 பேரின் நீரை எடுத்துச் சோதித்து, ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். நீரில் உள்ள புரதத்தை ரத்தத்தில் உள்ள புரதத்தால் வகுத்தால் 0.5க்கு மேல் வருகிறதா? எல்.டி.எச். என்ற நொதியை அதேபோல் வகுத்தால் 0.6க்கு மேல் வருகிறதா? நீரின் எல்.டி.எச்., ரத்தத்துக்கான இயல்பு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் உறையே நோயுற்றுக் கசிந்த நீர். மருத்துவர்கள் எக்சுடேட் என்பார்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் உறையில் கோளாறு இல்லை. இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டு, அழுத்தமும் புரதமும் மாறியதால் வடிந்த நீர். அதன் பெயர் ட்ரான்சுடேட்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் உலகம் முழுவதும் இந்தக் கணக்குதான் முதல் படி. செலவு குறைவு, எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நீர் எடுக்கும் அதே நேரத்தில் ரத்தமும் எடுத்து அனுப்ப வேண்டும். ரத்தத்தின் அளவு இல்லாமல் வகுப்பது எதை எதால்? நீரின் அறிக்கை மட்டும் கையில் இருக்க, ரத்தம் எடுக்கவே மறந்துபோன கோப்புகள் ஊருக்கு ஊர் கிடக்கும்.

கணக்குக்கு ஒரு பலவீனமும் உண்டு. கசிந்த நீரை அது தப்பவிடுவது அபூர்வம். ஆனால் நீர் மாத்திரை சாப்பிட்டுவந்த இதய நோயாளியின் நீரைச் சுமார் நான்கில் ஒரு தடவை தவறாக "நோயுற்ற நீர்" என்று முத்திரை குத்திவிடும். மாத்திரையால் தண்ணீர் வெளியேறிப் புரதம் செறிவாவதுதான் காரணம். அப்போது ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் இதயத்தின் பக்கமே திரும்பலாம்.

உறை நோயுற்றது என்று தெரிந்த பிறகு இந்தியாவில் பாதை பெரும்பாலும் டி.பி.யின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நெஞ்சில் நீராக வரும் டி.பி.யின் குணம் விசித்திரமானது. நீரில் கிருமி மிகக் குறைவு. கிருமியின் மீது உடல் காட்டும் சீற்றம்தான் நீராகச் சேர்கிறது. ஆகவே நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் நூற்றில் பத்துப் பேருக்குக்கூடக் கிருமி தென்படாது. வளர்த்துப் பார்க்கும் சோதனையும் பாதிப் பேருக்குக் கைகொடுக்காது. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை சளியில் அற்புதமாக வேலை செய்தாலும், நெஞ்சு நீரில் அடிக்கடி "இல்லை" என்றே சொல்லும். இந்த "இல்லை"யை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தது ஏ.டி.ஏ. என்ற நொதி. 1978இல் இத்தாலிய மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார்கள். நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருந்து, ஏ.டி.ஏ. 40 அலகுக்கு மேலும் இருந்தால், நம் நாட்டில் அது டி.பி. என்று எடுத்துக்கொள்ள வலுவான காரணம் உண்டு. சீழிலும் முடக்குவாதத்திலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றிலும்கூட அது ஏறும். எனவே ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அணுக்களின் கணக்கோடும் நோயாளியின் கதையோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் உறையிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம்.

டி.பி. நீரின் மிகப் பெரிய ஏமாற்று வித்தை, மருந்தே இல்லாமலும் அது வற்றிவிடும் என்பதுதான். இரண்டு முதல் நான்கு மாதங்களில் காய்ச்சலும் போய், எக்ஸ்ரேயும் தெளிந்துவிடலாம். கை வைத்தியத்துக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் பேர் கிடைப்பது இப்படித்தான். பிறகு என்ன ஆகிறது? அமெரிக்க ராணுவத்தில் இப்படி நீர் சேர்ந்து வற்றிய 141 பேரை ரோப்பர், வாரிங் என்ற இரு மருத்துவர்கள் பின்தொடர்ந்து 1955இல் முடிவை வெளியிட்டார்கள். 92 பேருக்குப் பின்னாளில் காசநோய் முற்றி வந்திருந்தது. ஃபின்லாந்துப் படைவீரர்கள் 2,816 பேரைப் பற்றி 1954இல் வெளிவந்த ஆய்விலும் 43 விழுக்காட்டினருக்கு அதே கதி. நீர் வற்றியதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நம்புவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

"சின்ன வயசுலயே பிசிஜி ஊசி போட்டாச்சே, டி.பி. எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கான பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுப்பதற்காகத்தான் இன்றும் அது போடப்படுகிறது. தோளில் தழும்பு இருப்பதால் டி.பி. இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. காய்ச்சல் தணியட்டும் என்று ஸ்டீராய்டு ஊசி, இருமல் நிற்கட்டும் என்று லெவோஃப்ளாக்சசின் மாத்திரை. ஸ்டீராய்டு அழற்சியைத் தணித்துக் காய்ச்சலை மறைக்கும். லெவோஃப்ளாக்சசின் டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கி, உண்மை வெளிவர மாதங்கள் தாமதமாக்கும். நேர்மாறான தவறும் நடக்கிறது. நீர் என்றதும் எதையும் சோதிக்காமல் டி.பி. மாத்திரையைத் தொடங்கிவிடுவது. பத்துப் பேரில் பலருக்கு அது சரியாகவே அமையும் என்பதுதான் அதன் ஆபத்து. தவறிப்போனவர் புற்றுநோயோடு பல மாதம் டி.பி. மாத்திரை விழுங்கியிருப்பார்.

தவறான பெயர் சூட்டப்பட்ட நோய் என்று பேசும்போது சீனிவாச ராமானுஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய தாய்வழித் தாத்தா காஞ்சிபுரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தவர். சிறுவயதில் ராமானுஜன் சில காலம் இந்த ஊரில் இருந்திருக்கிறார். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அதே கப்பலில் பயணித்தவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திவந்த தமிழ்நாட்டு மருத்துவர். 1917இல் ராமானுஜன் நோயாளியாக அங்கே போய்ச் சேர்ந்தார். வயிற்றுப் புண் என்றார்கள், காசநோய் என்றார்கள், கல்லீரலில் பரவிய புற்றோ என்றும் ஐயுற்றார்கள். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். 1994இல் டி.ஏ.பி. யங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பழைய பதிவுகளைத் துருவி, இளமையில் ராமானுஜனுக்குச் சீதபேதி வந்ததைச் சுட்டி, அவரைக் கொன்றது அமீபாவால் கல்லீரலில் வந்த நோயாகவே இருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் மருந்து அப்போதே இருந்தது. கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் 1912இலேயே அமீபா நோய்க்கு எமிட்டின் ஊசி போட்டுக் காட்டியிருந்தார்.

ராமானுஜனுக்கு நெஞ்சில் நீர் சேர்ந்தது என்று இங்கே சொல்லவில்லை. ஆனால் அமீபாக் கட்டி நம் பொருளுக்கு நெருங்கிய உறவு. கல்லீரலுக்கும் வலது நுரையீரலுக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் என்ற ஒரு தசைத் திரைதான். கீழே கட்டி பழுத்தால் மேலே வலப்பக்கம் நீர் ஊறும். சில சமயம் கட்டி திரையைப் பொத்துக்கொண்டு மேலேயே கொட்டிவிடும். நெஞ்சில் மட்டும் தேடிக்கொண்டிருப்பவருக்கு இது அகப்படாது. வயிற்றில் ஒரு ஸ்கேன் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்லீரல் சுருக்கத்தில் வயிற்று நீர் அதே திரையின் நுண்துளைகள் வழியே ஏறி வலப்பக்கம் நிறைவதும் உண்டு; கணையம் புண்ணானால் பெரும்பாலும் இடப்பக்கம் சேரும், அந்த நீரில் அமைலேஸ் என்ற நொதி எகிறியிருக்கும். 1937இல் பாஸ்டன் மருத்துவர் மீக்ஸ் விவரித்த நோயாளிகள் இன்னும் வியப்பானவர்கள். சினைப்பையில் சாதாரணக் கட்டி, வயிற்றில் நீர், நெஞ்சில் நீர். பார்த்தால் முற்றிய புற்று என்றே தோன்றும். கட்டியை அகற்றியதும் இரண்டு நீரும் வற்றிவிட்டன.

முன்னே சொன்ன சௌரி முத்து பின்னாளில் தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த அந்த இடம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோயாளி வீட்டை விட்டு அங்கே போய்ப் படுத்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தையும் சென்னைதான் மாற்றியது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது சானடோரியத்துக்கு இணையானது என்று 1959இல் உலகுக்கு நிறுவியது. தறியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் எங்கோ போய்க் கிடக்கவேண்டிய நிலை நெசவாளிக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

புற்றுநோய்க்கு வருவோம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருவது ஊரறிந்தது. நுரையீரல், மார்பகம், சினைப்பை, நிணநீர் மண்டலம் ஆகியவற்றில் வரும் புற்றுகள்தாம் நெஞ்சில் நீர் சேர்ப்பதில் முன்னணியில் நிற்பவை. நீரில் புற்றணு இருக்கிறதா என்று பார்க்கும் சைட்டாலஜி சோதனை ஏறத்தாழ 60 விழுக்காட்டினரிடம்தான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் முறை எடுத்தால் இன்னும் சிலர் அகப்படுவார்கள். மூன்றாவது நான்காவது முறைகளால் பெரிய பயனில்லை. ஆகவே "நீர்ல புத்து இல்லைன்னு வந்துடுச்சு" என்பது நிம்மதி தரும் வாக்கியம் அல்ல. சந்தேகம் வலுவாக இருந்தால் சி.டி. ஸ்கேனும், விலா இடுக்கில் சிறு துளையிட்டுக் குழல்கேமராவால் உள்ளே பார்த்துத் துணுக்கு எடுக்கும் தோரகோஸ்கோப்பியும் வேண்டும். ஸ்டாக்ஹோமில் ஜேக்கோபியஸ் 1910இலேயே சிறுநீர்ப்பைக்கான குழலைக் கொண்டு நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தார். இன்று அந்த முறை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விடை தருகிறது.

புற்று என்று தெரிந்த பிறகும் நீரின் வேலை முடிவதில்லை. மீதி நீரிலுள்ள அணுக்களைக் கட்டியாக்கி "செல் பிளாக்" செய்தால் எங்கிருந்து வந்த புற்று, எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியுள்ள நுரையீரல் புற்றுக்கு மாத்திரையே இருக்கிறது. வாளியில் கொட்டப்படும் நீரில் அந்த மாத்திரைக்கான வழி கலந்து போய்விடக் கூடாது.

சில நேரம் ஊசியை எடுக்காமலிருப்பதே வைத்தியம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வலப்பக்க நெஞ்சில் சேரும். தட்டணு குறைந்திருக்கும் அந்த நேரத்தில் குத்தினால் ரத்தப்போக்கு. இரண்டு மூன்று நாளில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் பிள்ளைகளின் ஸ்கேனில் "நீர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், "எடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவது உதவாது.

நெசவாளர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடலாம். பட்டுத் தூசியால் நீர் கோர்க்குமா? பட்டின் புரதம் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற இழுப்பும் தருவது உண்மை. ஆனால் அது மூச்சுக்குழாயின் தொல்லை. நெஞ்சு உறையைக் கெடுத்து நீர் சேர்க்கும் தூசி என்று பெயரெடுத்தது கல்நார்தான். ஆகவே நீர் சேர்ந்த நெசவாளியிடம் "தறித்தூசி" என்று சொல்லி யாராவது கதையை முடித்தால், அவர் காரணத்தைத் தேடவில்லை என்று பொருள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது நெஞ்சில் நீர் எடுத்தால், எந்தப் பக்கம், எவ்வளவு, என்ன நிறம் என்று எழுதி வாங்குங்கள். அதே நாளில் ரத்தமும் அனுப்பினார்களா, புரதமும் எல்.டி.எச்.சும் என்ன, அணுக்களின் கணக்கு என்ன, ஏ.டி.ஏ. எவ்வளவு, சைட்டாலஜியில் என்ன வந்தது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். எக்ஸ்ரே படத்தையும் அறிக்கைகளையும் தூக்கி எறியாமல் ஒரே பையில் வையுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு அதுதான் முதல் சாட்சி. டி.பி. என்று உறுதியானால் அரசு மருத்துவமனையில் ஆறு மாத மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். சந்தேகம் கேட்க 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.